‘ஃபைனான்ஷியல் அட்வைசர் இன்டர்ன்’: சேர்வதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

செமஸ்டர் தேர்வு முடியும் ஏப்ரல், மே மாதங்களில் கடலூர், புதுச்சேரி பக்கத்து பி.காம்., பி.பி.ஏ. மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரி அறிவிப்புகள் சுற்றும். ‘ஃபைனான்ஷியல் அட்வைசர் இன்டர்ன் தேவை. இரண்டு மாதம். சான்றிதழ் உண்டு.’ சேர்ந்தவர்களில் ஒருவர், ஓய்வு பெறப் போகும் ஒரு குடும்பத்தின் வரவு செலவை எக்செலில் போடக் கற்றுக்கொண்டு திரும்புகிறார். இன்னொருவர் சொந்த மாமாவிடம் ஒரு பாலிசியை விற்றுவிட்டுத் திரும்புகிறார். இருவர் கையிலும் இருக்கும் சான்றிதழ் மட்டும் ஒரே வாசகத்தில் இருக்கும்.

இந்தக் குழப்பத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 2024 டிசம்பரில், பங்குச்சந்தைகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி, முதலீட்டு ஆலோசகர் விதிகளைத் திருத்தி, ஆலோசகராகப் பதிவு செய்ய இருந்த ஐந்தாண்டு அனுபவ நிபந்தனையை எடுத்துவிட்டது. ‘பரீட்சை எழுதினால் போதும், பிறகு எதற்கு இன்டர்ன்ஷிப்’ என்று மாணவர்கள் கேட்பது அதனால்தான். விதி தளர்ந்த பிறகுதான் நல்ல இன்டர்ன்ஷிப்பின் மதிப்பு கூடியிருக்கிறது. அது எப்படி என்பதை அடியிலிருந்து பார்க்கலாம்.

ஒரே பெயரில் மூன்று தொழில்கள்

‘நிதி ஆலோசகர்’ என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் மூன்று வேறு தொழில்கள் இருக்கின்றன. எந்தத் தொழிலில் இன்டர்ன் ஆகிறோம் என்று தெரியாமல் சேர்வதில்தான் முக்கால்வாசி ஏமாற்றம் தொடங்குகிறது.

1. காப்பீட்டு முகவர். காப்பீட்டுத் துறையின் ஒழுங்குமுறை அமைப்பான ஐஆர்டிஏஐ-யின் கீழ் வருபவர். ஐசி-38 என்ற தேர்வை எழுதி ஒரு நிறுவனத்தின் முகவராகிறார். பாலிசி விற்றால் கமிஷன். காப்பீட்டைப் பற்றி மட்டும் ஆலோசனை சொல்லும் முகவர் செபியிடம் பதிய வேண்டியதில்லை. ஆகவே ‘அட்வைசர்’ என்ற சொல் இந்தத் துறையில் தாராளமாகப் புழங்குகிறது.

2. மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர். செபியின் பயிற்சி நிறுவனமான என்ஐஎஸ்எம் நடத்தும் V-A (ஐந்து-ஏ) தேர்வில் தேறி, ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியிடம் ஏஆர்என் என்ற பதிவு எண் வாங்கியவர். வாடிக்கையாளரிடம் நேரடியாகக் கட்டணம் வாங்குவதில்லை. முதலீடு நீடிக்கும் வரை ஃபண்ட் நிறுவனம் ஆண்டுதோறும் ஒரு சிறு விழுக்காட்டைத் தரும். அதற்கு டிரெயில் கமிஷன் என்று பெயர். முதலீடு வந்த உடனே மொத்தமாகத் தரும் முன்கமிஷனை செபி 2018 அக்டோபரில் நிறுத்திவிட்டது.

3. பதிவுபெற்ற முதலீட்டு ஆலோசகர். செபியின் 2013ஆம் ஆண்டு விதிகளின் கீழ் பதிவு செய்தவர். இவரது பதிவு எண் ‘ஐஎன்ஏ’ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். வருமானம் வாடிக்கையாளர் தரும் கட்டணம் மட்டுமே. ஒரே குடும்பத்துக்கு ஆலோசனையும் சொல்லி, கமிஷனும் வாங்க முடியாது. நாடு முழுவதும் இவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர்தான்.

2020 திருத்தத்தின்படி, ஃபண்ட் விநியோகம் செய்பவர் செபி பதிவு இல்லாமல் ‘இண்டிபெண்டன்ட் ஃபைனான்ஷியல் அட்வைசர்’, ‘வெல்த் அட்வைசர்’ போன்ற பெயர்களைப் போட்டுக்கொள்ளக் கூடாது. ஊரில் பெயர்ப்பலகைகளை எண்ணிப் பார்த்தால் இந்த விதி எவ்வளவு தூரம் வந்து சேர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

மூன்றும் நேர்மையாகச் செய்யக்கூடிய தொழில்கள்தான். விற்பனை தாழ்ந்தது, ஆலோசனை உயர்ந்தது என்ற சாதி அடுக்கு இதில் வேண்டாம். ஆனால் கற்றுக்கொள்வது வேறு வேறு. முதலாவதில் பேசக் கற்கிறோம், மூன்றாவதில் கேட்கக் கற்கிறோம். இரண்டாவதில் எது கிடைக்கும் என்பது அந்த அலுவலகத்தின் முதலாளியைப் பொறுத்தது.

விதி என்ன மாறியது?

2020 திருத்தத்துக்குப் பிறகு தனிநபர் ஒருவர் ஆலோசகராக முதுநிலைப் பட்டமோ அதற்கு இணையான தகுதியோ வேண்டும். கூடவே ஐந்தாண்டு அனுபவமும் 5 லட்சம் ரூபாய் நிகரச் சொத்தும் வேண்டும். 2024 டிசம்பரில் இது மாறியது. இளநிலைப் பட்டம் போதும். அனுபவ நிபந்தனை நீங்கியது. நிகரச் சொத்துக்குப் பதில் வைப்புத்தொகை வந்தது: 150 வாடிக்கையாளர் வரை 1 லட்சம் ரூபாய். என்ஐஎஸ்எம்மின் X-A, X-B (பத்து-ஏ, பத்து-பி) தேர்வுகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அவற்றில் தேற 60 விழுக்காடு வேண்டும், தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பார்கள்.

ஆக, 22 வயதில் ஒருவர் சட்டப்படி ஆலோசகராகிவிடலாம். முன்பு பதிவுச் சான்றிதழைப் பார்த்தாலே ‘இவர் ஐந்து வருஷம் இந்தத் துறையில் இருந்தவர்’ என்று வாடிக்கையாளர் ஊகிக்க முடிந்தது. இப்போது சான்றிதழ் அதைச் சொல்வதில்லை. எங்கே, யாரிடம், என்ன வேலை பார்த்தாய் என்ற கேள்வி நேராக வருகிறது. கேட்பவர் வேலை தரும் நிறுவனமாக இருக்கலாம், கடலூர் மஞ்சக்குப்பத்தில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியராகவும் இருக்கலாம்.

கணக்குப் போட்டால் தெரியும்

2024 அக்டோபரில் எஸ்ஐபி (மாதாமாதம் தவணையாக ஃபண்டில் பணம் போடும் முறை) வழியாக நாடு முழுவதும் ஒரே மாதத்தில் வந்த பணம் 25,000 கோடி ரூபாயைத் தாண்டியது. இந்தச் செய்தியைப் படிக்கும் மாணவர், ஏஆர்என் வாங்கியதும் தனக்கும் அதில் ஒரு பங்கு வரும் என்று நினைப்பது இயல்பு. கணக்கைப் பார்ப்போம்.

ஒரு புதிய விநியோகஸ்தர் முதல் மாதத்திலேயே 100 பேரைச் சேர்த்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம் (நடக்காது, இருந்தாலும் வைத்துக்கொள்வோம்). ஆளுக்கு மாதம் 3,000 ரூபாய் எஸ்ஐபி. மாதம் 3 லட்சம், ஆண்டு முடிவில் 36 லட்சம். பணம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேர்கிறது என்பதால் ஆண்டு முழுவதற்குமான சராசரி 18-லிருந்து 20 லட்சம். டிரெயில் 0.8 விழுக்காடு என்று கொண்டால் முதலாண்டு வருமானம் சுமார் 15,000 ரூபாய். மாத வருமானம் அல்ல, ஆண்டு வருமானம். இதே விகிதத்தில் மாதம் 30,000 ரூபாய் கிடைக்க அவர் கையில் நாலரைக் கோடி ரூபாய் முதலீடு இருக்க வேண்டும்.

ஆலோசகரின் கணக்கு வேறு மாதிரி. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக் கட்டணம் 12,000 ரூபாய் என்றால் 30 குடும்பம் இருந்தால் அதே மாதம் 30,000 வந்துவிடும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் முன்பின் தெரியாத 22 வயதுப் பையனுக்கோ பெண்ணுக்கோ 12,000 ரூபாய் கொடுத்து, பாஸ்புத்தகத்தையும் பாலிசிக் கட்டையும் தூக்கிக் கொடுக்கும் குடும்பங்கள் நம் ஊரில் எத்தனை?

அதாவது இந்தத் தொழிலில் பணம் மெதுவாக வருகிறது, நம்பிக்கை அதைவிட மெதுவாக வருகிறது. இடைப்பட்ட மூன்று நான்கு ஆண்டுகளைச் சம்பளத்தில் கடத்தியாக வேண்டும். ஆலோசகர் அலுவலகத்தில் உதவியாளர், விநியோகஸ்தர் அலுவலகத்தில் வாடிக்கையாளர் சேவை, ஃபண்ட் நிறுவனக் கிளை, ஃபண்ட் முதலீட்டாளர்களின் கணக்கு விவரங்களைப் பராமரிக்கும் கேம்ஸ், கேஃபின்டெக் போன்ற பதிவாளர் நிறுவனங்கள், வங்கி என்று இடங்கள் உண்டு. இவற்றில் பெரும்பாலானவை சிறிய அலுவலகங்கள். ஆள் எடுக்கத் தனிப் பிரிவோ எழுத்துத் தேர்வோ இருக்காது. இரண்டு மாதம் கூட வைத்துப் பார்த்து, சரிப்பட்டால் அப்படியே வைத்துக்கொள்வார்கள். இந்தத் துறையில் இன்டர்ன்ஷிப்புதான் நீண்ட நேர்முகத் தேர்வு.

இன்டர்ன் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது

V-A தேறி, இயூஐஎன் என்ற பணியாளர் அடையாள எண் வாங்காத ஒருவர் ஃபண்ட் விற்கவோ பரிந்துரைக்கவோ கூடாது. ஆலோசகர் அலுவலகத்திலும் வாடிக்கையாளருக்கு முதலீட்டு ஆலோசனை சொல்லும் ஊழியருக்குப் பட்டமும் என்ஐஎஸ்எம் தேர்ச்சியும் வேண்டும். ஆகவே, சேர்ந்த மறுவாரமே ‘போய் நாலு எஸ்ஐபி போட்டுக்கொண்டு வா’ என்று அனுப்புகிற இடம், பயிற்சி தரவில்லை என்பதோடு விதியையும் மீறுகிறது.

செய்யக்கூடிய வேலைகள் வெளிப்பார்வைக்குச் சலிப்பானவை. வாடிக்கையாளரின் அடையாள விவரங்கள் அடங்கிய கேஒய்சி படிவத்தைச் சரிபார்ப்பது, வங்கி மேண்டேட் (கணக்கிலிருந்து தவணை எடுக்கத் தரும் அனுமதி) ஏன் திரும்பி வந்தது என்று விசாரிப்பது, ஒருவர் வைத்திருக்கும் எல்லா ஃபண்டுகளையும் ஒருங்கிணைந்த அறிக்கையாக எடுத்து அட்டவணையாக்குவது, பழைய பாலிசிகளின் முதிர்வுத் தேதிகளைப் பட்டியலிடுவது, இறந்தவர் பெயரிலிருந்து முதலீட்டை வாரிசுக்கு மாற்றும் காகிதங்களைத் தயாரிப்பது. கடைசியாகச் சொன்ன வேலையை ஒரே ஒருமுறை முழுதாகச் செய்தவருக்கு, நாமினி (பணத்தைக் கையில் வாங்குபவர்) வேறு, வாரிசு (அதற்கு உரிமை உள்ளவர்) வேறு என்பது பாடப்புத்தக வரியாக இருப்பது நின்றுவிடும். கணவரின் கணக்குகள் எங்கே இருக்கின்றன என்றே தெரியாத ஒரு பெண்மணியின் எதிரே உட்கார்ந்து படிவம் நிரப்பியவர், அதற்குப் பிறகு எந்தக் குடும்பத்தோடு பேசினாலும் இருவரையும் சேர்த்து வரச் சொல்வார்.

இந்த வேலைகளுக்கு நடுவே, மூத்தவர் வாடிக்கையாளரோடு பேசும்போது ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுக்க விட்டால், அந்த இன்டர்ன்ஷிப் தேறிவிட்டது என்று பொருள்.

நம் ஊர்ப் பணம் மாதாமாதம் வருவதில்லை

என்ஐஎஸ்எம் பாடநூலில் வரும் குடும்பத்துக்குப் பெரும்பாலும் மாதச் சம்பளம் இருக்கும். கடலூர் மாவட்டத்திலும் புதுச்சேரியிலும் அப்படி இல்லாத குடும்பங்கள் ஏராளம். உள்ளூரில் செய்யும் இன்டர்ன்ஷிப்புக்குச் சென்னையில் செய்வதைவிட ஒரு படி மேலான மதிப்பு உண்டு என்று நான் சொல்வது இந்தக் காரணத்தால்தான்.

கடலூர் தேவனாம்பட்டினத்து விசைப்படகுக்காரரை எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அவர் கணக்கில் மாதம் பத்தாம் தேதி எஸ்ஐபி போகும்படி போட்டுவைத்தால், மே மாதம் கணக்கில் பணம் இருக்காது. தவணை திரும்பும், வங்கி அபராதம் பிடிக்கும். இரண்டு தடவை அப்படி நடந்தால் ‘இந்த மியூச்சுவல் ஃபண்டே வேண்டாம் தம்பி’ என்று முடித்துவிடுவார். தவறு ஃபண்டில் இல்லை. தவணையைத் தடைக்காலத்தில் நிறுத்திவைக்க வழி இருக்கிறது. மீன்பாடு நன்றாக இருக்கும் மாதங்களில் மொத்தமாக ஒரு லிக்விட் ஃபண்டில் (குறுகிய காலத்துக்குப் பணத்தை நிறுத்திவைக்கும் ஃபண்ட்) போட்டு, அங்கிருந்து சிறுகச் சிறுக மாற்றவும் வழி இருக்கிறது. ஆனால் ‘உங்களுக்கு எந்த மாதம் கை காயும்?’ என்ற கேள்வியை முதலில் கேட்டிருக்க வேண்டும்.

பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வைத்திருப்பவருக்கு வருமானம் கோடைச் சீசனில் குவியும். அவரிடம், நட்டத்தை எவ்வளவு தாங்குவார் என்று அளக்கும் ரிஸ்க் புரொஃபைல் கேள்வித்தாளைக் கொடுத்து, ‘உங்கள் முதலீடு 20 விழுக்காடு இறங்கினால் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டால் சிரிப்பார். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது ஒரே காலையில் தோப்பு முழுவதும் சாய்ந்ததைப் பார்த்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். காய்க்கிற மரம் போய்விட்டால் புதுக்கன்று வைத்துப் பலன் பார்க்க ஆண்டுக்கணக்கில் ஆகும். அந்த மனிதர் பயப்படுபவரா, துணிந்தவரா? கேள்வித்தாள் ஏதோ ஒரு மதிப்பெண் போடும். எதிரே உட்கார்ந்து கேட்டால்தான், அவர் நிலத்தில் எவ்வளவு நட்டத்தையும் தாங்குவார், காகிதத்தில் நூறு ரூபாய் குறைந்தாலும் தூங்கமாட்டார் என்பது தெரியவரும்.

நெய்வேலியில் கதை வேறு. பணி ஓய்வு பெறும் நாளில் ஒரே தவணையில் பெரிய தொகை கைக்கு வருகிறது. அந்த வாரமே வீட்டுக்கு ஆட்களும் வரத் தொடங்குகிறார்கள். இன்டர்ன் ஒருவர் போட்டுப் பழக வேண்டிய முதல் கணக்கு இங்கேதான் இருக்கிறது. 60 வயதானவர் கையில் 45 லட்சம் என்று கொள்வோம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் உச்சவரம்பான 30 லட்சத்தைப் போட்டால், 8.2 விழுக்காடு வட்டிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய், அதாவது மாதத்துக்கு 20,500. அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் 9 லட்சம் போட்டால் 7.4 விழுக்காட்டில் மாதம் 5,550. இரண்டும் சேர்ந்து 26,050. மீதி 6 லட்சம் அவசரச் செலவுக்கு. (இவை 2024-25 நிதியாண்டின் வட்டி விகிதங்கள்.)

இதுவரை எல்லாம் சரியாகத் தோன்றும். அடுத்த வரிதான் பாடம். விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால், இன்று 26,000 ரூபாயில் நடக்கும் வீட்டுக்குப் பத்தாண்டு கழித்து 46,500 ரூபாய்க்கு மேல் வேண்டும். வட்டியோ ஏறாது. இந்தப் பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்று யோசிக்கத் தொடங்கும் இடத்தில்தான் திட்டமிடல் என்ற வேலையே ஆரம்பிக்கிறது. பாலிசி விற்கப் போன இன்டர்ன் இந்த வரிக்கு வந்தே சேர்வதில்லை.

புதுச்சேரிக்கு அதற்கே உரிய சிக்கல்கள் உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ‘சொல்தா’ குடும்பங்களுக்குப் பென்ஷன் யூரோவில் வருகிறது. வீட்டில் ஒருவர் பிரெஞ்சுக் குடியுரிமை, ஒருவர் இந்தியக் குடியுரிமை, பிள்ளை பாரிஸில் என்று இருக்கலாம். கேஒய்சி படிவத்தில் ‘வேறு நாட்டில் வரி செலுத்துபவரா?’ என்ற கட்டத்தை மற்ற ஊர்களில் யோசிக்காமல் ‘இல்லை’ என்று டிக் அடித்துவிட்டுப் போவார்கள். இங்கே அப்படிப் போக முடியாது. அதோடு, 1881ஆம் ஆண்டு ஆணையின் வழியாகத் தங்கள் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்களின் வழிவந்த ‘ரெனோன்சான்’ குடும்பங்களும் இங்கே இருக்கின்றன. வாரிசுரிமையில் அவர்களுக்கு வேறு சட்டம். இதற்கெல்லாம் இன்டர்ன் விடை சொல்ல வேண்டியதில்லை. ‘இது வக்கீலிடம் கேட்க வேண்டியது’ என்று அடையாளம் காணத் தெரிந்தால், அதுவே பெரிய தேர்ச்சி.

சேருமுன் கேட்க வேண்டியவை

1. உங்கள் பதிவு எண் என்ன? ஆலோசகர் என்றால் செபி இணையதளத்திலும், விநியோகஸ்தர் என்றால் ஆம்ஃபி இணையதளத்திலும் பெயரைத் தேடிப் பார்க்கலாம். இதைக் கேட்டதற்கே முகம் சுளித்தால் கிளம்பிவிடலாம்.

2. எனக்கு டார்கெட் உண்டா? ‘உனக்குத் தெரிந்த நூறு பேரின் பெயரையும் நம்பரையும் எழுது’ என்று முதல் நாளே தாள் கொடுத்தால், அங்கே தேவைப்படுவது நீங்கள் அல்ல, உங்கள் சொந்தபந்தம். விற்பனைப் பயிற்சியில் இதற்கு ‘நேச்சுரல் மார்க்கெட்’ என்று நயமான பெயர். பட்டியல் தீர்ந்ததும் வேலையும் தீர்ந்துவிடும். தெரியாமல் விற்ற பாலிசி பிடிக்கவில்லை என்றால், ஆவணம் கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பித் தர உறவினருக்கு உரிமை உண்டு. உறவைத் திருப்பி வாங்க அப்படி ஒரு வசதி கிடையாது.

3. நான் பணம் கட்ட வேண்டுமா? பயிற்சிக் கட்டணம், டெபாசிட், ‘முதலில் நீயே ஒரு பாலிசி எடு’ என்று எந்த வடிவில் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: வேண்டாம். என்ஐஎஸ்எம் தேர்வுக் கட்டணம் மட்டும் நியாயமான செலவு. அதையும் என்ஐஎஸ்எம் தளத்தில் நாமே நேரடியாகக் கட்டலாம்.

4. வாடிக்கையாளர் சந்திப்பில் உட்கார விடுவீர்களா?

5. ஆதார், பான் நகல்களை எதில் வாங்க வேண்டும்? ‘உன் வாட்ஸ்அப்பிலேயே வாங்கிக்கொள்’ என்ற பதில் நல்லதற்கல்ல. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-ல் சட்டமே வந்துவிட்டது. இன்டர்ன்ஷிப் முடிந்து ஆறு மாதம் கழித்தும் நாற்பது பேரின் ஆதார் நம் செல்போன் கேலரியில் கிடப்பது நமக்கும் ஆபத்து.

ஸ்டைபண்டும் அரசுத் திட்டங்களும்

இன்டர்ன் வேறு, அப்ரண்டிஸ் வேறு. அப்ரண்டிஸ் என்பது 1961ஆம் ஆண்டு சட்டத்தின் கீழ் ஒப்பந்தம் போட்டுச் சேர்வது. பட்டதாரிக்குக் குறைந்தபட்சம் மாதம் 9,000 ரூபாய் என்று 2019-ல் விதி வந்தது. பொதுத்துறை வங்கிகள் பட்டதாரி அப்ரண்டிஸ்களை எடுப்பது இந்த வழியில்தான். இன்டர்னுக்கு அப்படிச் சட்டப் பாதுகாப்பு இல்லை. சிறிய ஆலோசகர் அலுவலகங்களில் பஸ் செலவுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தில் பெரிய நிறுவனங்களில் 12 மாதப் பயிற்சி, மாதம் 5,000 ரூபாய், சேரும்போது ஒருமுறை 6,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பின்படி வயது 21 முதல் 24. முழுநேரமாகப் படித்துக்கொண்டிருப்பவரும் முதுநிலைப் பட்டம் பெற்றவரும் சேர முடியாது என்றும் அதில் இருந்தது. ஆகவே இது கல்லூரிக் கோடை விடுமுறைக்காக அல்ல, பட்டம் வாங்கிய பிறகு ஓராண்டைக் கழிப்பதற்காக வந்த திட்டம்.

எப்போது எதை?

இரண்டாம் ஆண்டு விடுமுறையில் ஒரு சிறிய அலுவலகத்தில் இரண்டு மாதம். பல கல்லூரிகளில் இப்போது இன்டர்ன்ஷிப்புக்கு கிரெடிட்டும் உண்டு என்பதால், கல்லூரியில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டுச் சேர்வது நல்லது. மூன்றாம் ஆண்டின் முதல் பாதியில் V-A தேர்வு: 100 கேள்வி, 2 மணி நேரம், 50 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி, மதிப்பெண் கழிப்பு இல்லை. அலுவலகத்தில் காகிதங்களைக் கையாண்ட பிறகு படித்தால் பாடம் பாதி நேரத்தில் ஓடிவிடும். ஆனால் சான்றிதழ் மூன்றாண்டுதான் செல்லும். முதலாண்டிலேயே எழுதிவைத்துவிட்டு வேலைக்குப் போகும்போது அது காலாவதியாகும் நிலையில் இருப்பது வீண். X-A, X-B இரண்டையும் வேலையில் சேர்ந்து ஓராண்டாவது ஆன பின் எழுதலாம். சிஎஃப்பி என்ற நிதித் திட்டமிடல் சான்றிதழை நினைப்பவர்கள், அங்கே தேர்வோடு அனுபவமும் கேட்பார்கள் என்பதால், செய்த வேலைகளைத் தேதியோடு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்டர்ன்ஷிப் முடியும் நாளில் சான்றிதழோடு ஒரு கடிதமும் கேட்டு வாங்குங்கள். ‘சிறப்பாகப் பணியாற்றினார்’ என்று இருந்தால் பயனில்லை. எத்தனை குடும்பங்களின் முதலீட்டுப் பட்டியலைத் தயாரித்தார், எத்தனை சந்திப்புகளில் குறிப்பெடுத்தார், எத்தனை வாரிசு மாற்றக் கோப்புகளைக் கையாண்டார் என்று எண்ணிக்கையோடு எழுதச் சொல்ல வேண்டும். கூடவே, பெயரும் எண்களும் மாற்றிய ஒரு மாதிரித் திட்ட அறிக்கையை, அலுவலகத்தின் அனுமதியோடு, கையில் வைத்துக்கொள்ளலாம். அடுத்த நேர்முகத் தேர்வில் மேசைமேல் வைக்க அது உதவும்.